ஆணி அடித்த ஹார்ட் டிஸ்க்

எங்கள் திணைக்களத்துக்கு ஆண்டு நிறைவு வருகிறதாம், மலர் போடுகிறார்களாம். கணினிப் பிரிவில் இப்போது இருக்கும் பிள்ளைகள் இரண்டு பேர் போன மாதம் ஹந்தானை ஏற்றத்தில் மூச்சு வாங்க ஏறி என் வீட்டுக்கு வந்தார்கள். "சேர், ஒங்க அனுபவத்த ஒரு கட்டுரையா எழுதித் தாங்க. சாதனைங்கள எழுதுங்க" என்று கேட்டார்கள். பேச்சோடு பேச்சாக, அன்று காலை ஒரு மடிக்கணினிக்கு டிஸ்க் மாற்றி, புதிதாக ஓ.எஸ். போட்டுவிட்டு வந்ததாகவும் சொன்னார்கள். பிளேன்டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டதாம். "அந்தக் காலத்துல நீங்க எப்படி சேர் செஞ்சீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். நான் கடைசியாகச் செய்தது ஐந்தாறு வருடத்துக்கு முன்னால். அதற்குள் அது அந்தக் காலமாகிவிட்டது.

சாதனை என்று சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. முப்பத்திரண்டு வருட சேவையில் ஒரு தடவைகூட நான் கணக்காய்வில் மாட்டவில்லை. அதை எப்படிச் சாதித்தேன் என்று எழுதினால் மலரில் போட மாட்டார்கள். போடாவிட்டால் போகட்டும், கேட்டதற்கு எழுதிவிடுகிறேன். திணைக்களத்தின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன், நானும் மாதாமாதம் ஓய்வூதியம் வாங்குகிறவன்தான்.

நான் சேர்ந்தது தமிழ்த் தட்டெழுத்தாளராக. முதல் நான்கு வருடம் தெல்தெனியக் கிளையில். அங்கே மெஷின் இருந்தது, ரிப்பன் இருக்கவில்லை. ரிப்பன் வந்து சேர்ந்தபோது மெஷினைத் திருத்துவதற்குக் கொழும்புக்கு அனுப்பியிருந்தார்கள். பிறகு கண்டிக்கு மாற்றலாகி வந்தேன். வந்த சில வருடத்தில் முதல் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று ஒரு அறை, அறைக்குக் குளிரூட்டி, வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும் என்று ஒரு அறிவித்தல். கோயிலுக்கு அடுத்தபடி நான் செருப்பைக் கழற்றிய இடம் அதுதான். மூன்று நாள் பயிற்சிக்கு என்னைப் பேராதனைக்கு அனுப்பினார்கள். முதல் நாள் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று காட்டினார்கள், இரண்டாம் நாள் மின்வெட்டு, மூன்றாம் நாள் சான்றிதழ். திரும்பி வந்தபோது நான் கணினிப் பிரிவாகியிருந்தேன்.

பிரிவு என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். நான், ஒரு மேசை, ஒரு ஸ்குரூ டிரைவர், அவ்வளவுதான். ஓ.எஸ். போடுவதை நானாகத்தான் பழகினேன். பழகுகிற காலத்தில் யார் யாருடைய கல்யாணப் படங்கள் அழிந்து போயின என்பதை இங்கே எழுதத் தேவையில்லை. பாதிக்கப்பட்டவர்களில் இருவர் இன்றும் என்னோடு பேசுவதில்லை.

என் சேவையின் கடைசிப் பகுதியில் எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் சிவபாதம் சேர். பிரதிப் பணிப்பாளர். சாவகச்சேரிப் பக்கத்து ஆள். நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் மூன்று பேனை, மேசையில் கோடு போடும் ஒரு அடிமட்டம். எந்தக் கடிதம் வந்தாலும் அடிமட்டத்தை வைத்து, வரி வரியாகக் கீழே இறக்கித்தான் வாசிப்பார். இரண்டு வரி ஒரே நேரத்தில் கண்ணில் பட்டால் ஏதோ ஒன்று தப்பிவிடும் என்பது அவருடைய எண்ணம். நல்ல மனிதர், கைசுத்தமானவர். திணைக்களத்து உறையில் தன் சொந்தக் கடிதத்தைப் போட்டவர் இல்லை. ஆனால் ஒரு விதி இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அதற்கு முன்னால் மனிதர், மாடு, மழை எதுவும் அவர் கண்ணுக்குத் தெரியாது. விதி போதாது என்று ராகு காலமும் பார்ப்பார். செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குப் பேனையை மூடினால், எங்கள் அலுவலகம் நாலேகாலுக்கு மூடுகிறது, பிறகு புதன்கிழமைதான் கையெழுத்து.

மடிக்கணினியை அவர் 'பெட்டி' என்பார். பெட்டியை ஒருநாளும் முறையாக நிறுத்த மாட்டார். வேலை முடிந்ததும் மூடியைச் சாத்திவிட்டு அதன் மேல் கோப்புகளை அடுக்குவார். அது உள்ளே வெந்துகொண்டிருக்கும். "சேர், நிப்பாட்டிட்டு மூடுங்க" என்று சொன்னால், "பிறகு ஆர் காணும் அதை எழுப்புறது?" என்று கேட்பார். 'காணும்' என்பது அவர் எல்லோரையும் கூப்பிடும் சொல்.

எங்கள் அலுவலகத்தின் முக்கியமான விதியை இப்போது சொல்ல வேண்டும். யாரோ எப்போதோ மின்குமிழ்களுக்காகப் போட்ட விதி அது. எரிந்துபோன பல்பைக் களஞ்சியத்தில் ஒப்படைத்தால்தான் புதிய பல்ப் தருவார்கள். ஒப்படைத்த பழையதைக் களஞ்சியப் பொறுப்பாளர் அங்கேயே, அப்போதே, பயன்படாதபடி உடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே பழைய பல்ப் இரண்டாம் தடவை வந்து இன்னொரு புதிய பல்பை வாங்கிக்கொண்டு போய்விடும். நியாயமான விதிதான். சில காலத்துக்குப் பிறகு இதை எல்லாச் சாமான்களுக்கும் விரித்தார்கள். துடைப்பம், பூட்டு, கல்குலேட்டர், கடைசியாகக் கம்ப்யூட்டர் உதிரிப்பாகம். பழையதைக் கொடு, உடைக்கிறோம், புதியதை வாங்கிக்கொள்.

களஞ்சியப் பொறுப்பாளர் ஜுனைதீன் நானா. இந்த விதியை அவர் ஒரு கலையாகவே வைத்திருந்தார். ஒரு மரக்கட்டை, ஒரு சுத்தியல், நான்கு அங்குல ஆணி டப்பா ஒன்று. எது வந்தாலும் முதலில் அதில் ஒட்டியிருக்கும் திணைக்கள ஸ்டிக்கரின் இலக்கத்தைப் பதிவேட்டோடு ஒப்பிடுவார். இலக்கம் சரியென்றால் 'பிஸ்மி' சொல்லி ஆணியை வைத்து ஒரே அடி. பூட்டுக்கு எப்படி ஆணி அடிப்பார் என்று கேட்கக்கூடாது, அடிப்பார்.

அந்த வருடம் களஞ்சியத்தில் பத்து எஸ்.எஸ்.டி. இருந்தது. வருட முடிவில் ஒதுக்கீடு திரும்பிப் போய்விடக்கூடாது என்று வாங்கிப் போட்டது. ஒன்றுகூட வெளியே போகவில்லை. பழைய டிஸ்க்கைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தால்தானே புதியது வெளியே போகும்? பழையதில் உள்ளதைப் புதியதற்குப் பிரதி எடுக்க வேண்டுமென்றால் இரண்டும் ஒரே மேசையில் ஒரு மணி நேரமாவது இருக்க வேண்டும். விதிப்படி அவை இரண்டும் இந்த உலகத்தில் ஒன்றாக இருக்கவே முடியாது. கழற்றியதை வேறு மெஷினில் கொழுவிப் பார்க்கவும் முடியாது, கழற்றியதும் நேரே களஞ்சியத்துக்குப் போக வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை காலை சிவபாதம் சேரின் பெட்டி செத்தது. போய்ப் பார்த்தால் கறுப்புத் திரை, உள்ளேயிருந்து டக், டக் என்று சத்தம். ஹார்ட் டிஸ்க் போய்க்கொண்டிருக்கும்போது அப்படித்தான் கேட்கும். அதற்குள் பதினொரு பேர் இருந்தார்கள்.

ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டங்களில் வருடக்கணக்காகத் தொண்டர்களாகப் படிப்பித்த பதினொரு ஆசிரியைகள். அவர்களை நிரந்தரமாக்க ஒரு வாய்ப்பு வந்திருந்தது. நாற்பத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும், தொடர்ந்து படிப்பித்ததற்குத் தோட்ட நிர்வாகத்தின் அத்தாட்சிக் கடிதம் இருக்க வேண்டும். அவர்கள் பதிவுத் தபாலில் அனுப்பிய மூலக் கடிதங்களை நாங்கள் கட்டாகக் கட்டிக் கொழும்புத் தலைமையகத்துக்கு அனுப்பினோம். கொழும்பு, அப்படி ஒரு கட்டு வரவேயில்லை என்றது. பரவாயில்லை, ஸ்கேன் எடுத்து வைத்திருந்தோம். அந்த வெள்ளிக்கிழமைக்குள் பட்டியலும் ஸ்கேன் பிரதிகளும் கொழும்புக்குப் போய்ச் சேர வேண்டும். தப்பினால் அடுத்த வாய்ப்பு எப்போது என்று கடவுளுக்கும் தெரியாது.

ஸ்கேன் எடுத்தவன் நான். சேரின் பெட்டிக்குள் போட்டவனும் நான். "உள்ளுக்குப் போட்டாச்செல்லோ, இனிப் பயமில்லை" என்றார் சேர். எனக்குத் தெரியும் பயம் இருக்கிறதென்று. ஒரு பென் டிரைவில் இன்னொரு பிரதி எடுத்து வைக்க மூன்று நிமிடம் போதும். எடுக்கவில்லை. அதற்குக் காரணம் சோம்பல், வேறு சமாதானம் சொல்ல மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை அலுவலகம் திறக்கும்போதே விறாந்தை வாங்கில் ராஜேஸ்வரி உட்கார்ந்திருந்தார். பதினொரு பேரில் ஒருவர். வரும் ஞாயிற்றுக்கிழமை அவருக்கு நாற்பத்தைந்து முடிகிறது. விசாரிக்க அவர் வந்தது அது நான்காவது தடவை.

"நம்ம பேப்பரெல்லாம் போயிருச்சா சேர்?"

"இன்னும் இல்லீங்க டீச்சர். கம்ப்யூட்டர் பழுதாகிருச்சு."

"கம்ப்யூட்டருக்கு நோவுன்னா அத ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. எனக்கு எதுக்கு அதச் சொல்றீங்க? நான் விடிய அஞ்சு மணி பஸ்ஸ புடிச்சு வாறேன்."

"தோட்டத்துல கேட்டு இன்னொரு கடிதம் எடுக்க ஏலாதா?"

"எழுதிக் குடுத்த தொர செத்து மூணு வருசமாச்சு. இப்ப இருக்கிற தொரைக்கு நான் யாருன்னே தெரியாது. நீங்க வேணும்னா செத்தவருகிட்ட போய்க் கேட்டுட்டு வாங்க."

எனக்குப் பின்னால் பியோன் சிரித்தான். நான் நேரே களஞ்சியத்துக்குப் போனேன்.

"நானா, ஒரு எஸ்.எஸ்.டி. வேணும்."

"தரலாமே. பழையத்தக் கொண்டாங்க."

"பழையத நாளைக்குத் தாறேன் நானா. அதுல உள்ளத எடுக்கணும்."

"பழையத்தத் தராம புதுசத் தர ஏலா, மோகன். நான் செல்ற கதயா இது? சட்டம் ஈக்கி."

"அதுல பதினொரு பேருட வாழ்க்கை இருக்கு நானா."

"ஈக்கட்டும். ஒரு பல்ப் இந்த ஆபீஸ்ல மூணு தரம் என்கிட்ட வந்தீக்கி, தெரியுமா? அன்டையோட நான் மனுசர நம்புறதில்ல. சேர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க, நான் தாறேன்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். எங்கள் அலுவலகத்தில் சாமியும் கொடுக்காது. சேருக்கு ஒரு குறிப்பு எழுதினேன். பழைய டிஸ்க்கை ஒரு நாள் வைத்திருக்க அனுமதி வேண்டும், காரணம் இன்னது. சேர் அடிமட்டத்தை வைத்து நான்கு வரியையும் இறக்கினார்.

"இது விதிக்கு மாறெல்லோ காணும்?"

"விதி பல்புக்குப் போட்டது சேர். பல்புக்குள்ள ஒண்டும் இருக்காது. டிஸ்க்குக்குள்ள ஆக்கள்ட கடிதம் இருக்கு."

"பல்பும் எரிஞ்சு போச்சு, இதுவும் எரிஞ்சு போச்சு. என்ன வித்தியாசம்?"

"சேர், வெள்ளிக்கிழமை கடைசி நாள்."

"எனக்குத் தெரியாதோ? அந்தப் பிள்ளையளுக்காக நான் எத்தினை கடிதம் எழுதினனான். ஆனா விதியை நான் மாத்தேலாது. கொழும்புக்கு எழுதி விளக்கம் கேட்பம்." மணிக்கூட்டைப் பார்த்தார். மூன்றுக்கு இரண்டு நிமிடம். அவசரமாக என் குறிப்பில் 'விதிப்படி செய்க' என்று எழுதி, கையெழுத்து வைத்து, பேனையை மூடினார்.

கொழும்பிலிருந்து விளக்கம் வருவதற்குள் ராஜேஸ்வரிக்குப் பேரப்பிள்ளை பிறந்துவிடும். அன்றிரவு அந்தக் குறிப்பையே திரும்பத் திரும்ப வாசித்தேன். விதிப்படி செய் என்கிறார். விதி எதைப் பார்க்கிறது? ஜுனைதீன் நானா எதைப் பார்க்கிறார்? ஸ்டிக்கரை. முப்பது வருடமாக இந்த அலுவலகத்தில் யாரும் சாமானைப் பார்த்ததில்லை, ஸ்டிக்கரைத்தான் பார்த்திருக்கிறார்கள். என் மேசை லாச்சியில், யாரோ வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய, ஸ்டிக்கர் இல்லாத, ஏற்கெனவே செத்துப்போன ஒரு டிஸ்க் கிடந்தது.

புதன்கிழமை காலை ஏழரைக்கே போய்விட்டேன். மடிக்கணினியைக் கவிழ்த்து, திருகாணிகளை ஒரு வெள்ளைத் தாளில் எந்த மூலையில் எது என்று வரிசையாக வைத்தேன். இதைச் செய்யாதவர்களுக்குக் கடைசியில் இரண்டு திருகாணி மிஞ்சும். டிஸ்க்கைக் கழற்றி, தேநீர் அறைக் கேத்தல் ஆவியில் ஸ்டிக்கரைக் காட்டினேன். ஓரம் மெல்ல எழும்பியது. கிழியாமல் உரித்து, லாச்சியில் இருந்த டிஸ்க்கில் ஒட்டி, கைலேஞ்சியால் அழுத்தினேன். அந்த நிமிடத்தில் குப்பை அரசாங்கச் சொத்தானது, அரசாங்கச் சொத்து குப்பையானது. ஓய்வு பெற எனக்கு ஒன்றரை வருடம் இருந்தது, மாட்டினால் ஓய்வூதியம் போய்விடும்.

ஜுனைதீன் நானா டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது வேற மாதிரி ஈக்கே. மத்தது கறுப்பில்லையா?"

"தூசி நானா."

பதிவேட்டில் விரலை ஓட்டினார். "நம்பர் சரி. நம்பர் சரியென்டா சாமான் சரி" என்றார். பிஸ்மி சொன்னார். ஆணி ஒரு பக்கம் போய் மறு பக்கம் வந்தது. 'ஒப்படைக்கப்பட்டு அழிக்கப்பட்டது, புதன், மு.ப. 10.00' என்று பற்றுச்சீட்டில் எழுதி, சேரிடம் கையெழுத்து வாங்கி வந்து, புதிய எஸ்.எஸ்.டி.யை என் கையில் வைத்தார்.

இனி வேலை. பிள்ளைகளுக்காக இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். எஸ்.எஸ்.டி.யைச் சாய்த்துப் பிடித்து, பல் பொருந்துகிறதா என்று பார்த்து, பிறகுதான் தள்ள வேண்டும். பழைய டிஸ்க்கை அந்தப் பக்கமே கொண்டுவரக் கூடாது. ஓ.எஸ். உள்ள பென் டிரைவைக் குத்தி, பவரை அழுத்தியதும் பென் டிரைவிலிருந்து கிளப்பச் சொல்ல வேண்டும். எங்கே நிறுவுவது என்று திரையில் கேட்கும். புதிய டிஸ்க் ஒன்றுதான் இருந்தால் ஒரே ஒரு வரிதான் வரும், ஒதுக்கப்படாத வெற்றிடம் என்று. இரண்டு வரி வந்தால் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். நான் அழித்த கல்யாணப் படங்களெல்லாம் அந்த இரண்டாவது வரியில்தான் இருந்தன. முதல் தடவை திரும்பக் கிளம்பும்போது பென் டிரைவை இழுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சில மெஷின்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அன்று பதற்றத்தில் நான் இழுக்க மறந்தேன். இரண்டு தடவை ஆதியிலிருந்து ஆரம்பித்தேன்.

ஒருவழியாக நீலத்திரை வந்து வணக்கம் சொன்னது. இன்டர்நெட் இல்லை. நெட்வேர்க் டிரைவர் இல்லையாம், இன்டர்நெட்டில் இறக்கிக்கொள்ளலாமாம். பல்ப் விதி எழுதியவரின் தம்பி யாரோ கம்ப்யூட்டர் கம்பனியில் வேலை பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். இன்னொரு மெஷினில் இறக்கிக் கொண்டுவந்து போட்டேன். பிறகு பிரின்டர். பிறகு தமிழ் எழுத்துரு, அதைப் போடும்வரை எங்கள் திணைக்களத்தின் பெயர் கிரேக்கம் மாதிரி தெரிந்தது. எல்லாம் முடிய ஒரு மணியாகிவிட்டது.

இப்போது பழைய டிஸ்க். கழற்றியதிலிருந்து அதை ஒரு சொப்பிங் பேக்கில் சுற்றித் தேநீர் அறைக் குளிர்சாதனப் பெட்டியில், சேரின் தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். சூடேறினால்தான் அது திணறுகிறது, குளிரவைத்தால் சில நிமிடம் ஓடும் என்று யாரோ சொல்லிக் கேட்டது. இதைப் பார்த்து யாரும் செய்ய வேண்டாம். ஈரம் இறங்கினால் இருப்பதும் போய்விடும். எனக்கு அன்று வேறு வழி தெரியவில்லை.

வெளியிலிருந்து யூ.எஸ்.பி.யில் கொழுவினேன். டக், டக் என்றது. பிறகு ஓடத் தொடங்கியது. பதினொரு கோப்புறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். நாலைந்து நிமிடம் ஓடும், நின்றுவிடும், மறுபடி குளிர்சாதனப் பெட்டி, மறுபடி கொழுவல். எந்த நிமிடத்திலும் ஒரேயடியாகப் போய்விடலாம் என்று தெரியும். அதனால் முதலில் ராஜேஸ்வரியை எடுத்தேன். பிறகு இரண்டு தடவை நேரில் வந்த இருவரை. பிறகு தொழிற்சங்கத்துக்காரர் போன் பண்ணிக் கேட்டவரை. பிறகு, பெயரைக் கண்டதும் முகம் நினைவுக்கு வந்தவர்களை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்.

நாலு மணிக்குப் பத்துப் பேர் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். பதினோராவது கோப்புறையைத் தொட்டபோது டிஸ்க் ஒரு தடவை கீச்சிட்டு நின்றது. குளிரவைத்தேன், மறுநாள் காலை வரை முயற்சி செய்தேன். அது திரும்ப எழும்பவில்லை. அந்தக் கோப்புறையின் பெயர் தனலெட்சுமி. அவர் ஒருநாளும் எங்கள் அலுவலகத்துக்கு வந்ததில்லை. யாரும் அவருக்காகப் போன் பண்ணியதுமில்லை. விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டு இருந்தார். எங்களை நம்பினார்.

வியாழக்கிழமை, பத்துப் பேரின் கடிதங்களையும் அச்செடுத்துக்கொண்டு போய் சேரின் மேசையில் வைத்தேன். சேரின் முகம் மலர்ந்தது. "கெட்டிக்காரன் காணும்" என்றார். அடிமட்டத்தை வைத்து முதல் கடிதத்தை இறக்கிக்கொண்டு வந்தவர், பாதியில் நிறுத்தினார்.

"இது எங்கையிருந்து வந்தது?"

"பழைய டிஸ்க்கில இருந்து சேர்."

"அதுக்கு நேற்றுப் பத்து மணிக்கு ஆணி அடிச்சாச்செல்லோ?"

அவர் லாச்சியைத் திறந்து பற்றுச்சீட்டின் பிரதியை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இந்தா, என்ர கையெழுத்து. அழிக்கப்பட்டது எண்டு கிடக்கு. நான் பொய்யிலை கையெழுத்து வைக்கிறேல்லை. அப்ப அந்த டிஸ்க் செத்திட்டுது. செத்ததுக்குள்ளயிருந்து பத்துக் கடிதம் எப்பிடி வரும்?"

நடந்ததைச் சொன்னேன். கேத்தல், ஸ்டிக்கர், லாச்சி, தயிர்ச் சட்டி எல்லாவற்றையும். சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னை ஏசுவார் என்று நினைத்தேன். விசாரணை, இடைநிறுத்தம் என்று என் மனம் மனைவியிடம் எப்படிச் சொல்வது என்பதுவரை போய்விட்டது. அவர் யன்னலுக்கு வெளியே விறாந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கில் ராஜேஸ்வரி இருந்தார், ஐந்தாவது தடவையாக. பகல் சாப்பாட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, பறிக்க வந்த குரங்கைக் குடையால் விரட்டிக்கொண்டிருந்தார்.

"காணும்" என்றார் சேர் மெதுவாக. "இந்தப் பெட்டிக்கு இண்டைக்கு என்ன கிழமை எண்டு ஆர் சொல்லிக் குடுக்கிறது?"

"நாங்கதான் சேர். திகதிய நாங்க மாத்தலாம்."

"அப்ப திங்கட்கிழமை எண்டு சொல்லும். காலமை எட்டரை. பெட்டி சாகமுதல் நீர் ஒரு பிரதி எடுத்து வைச்சிருக்கிறீர். விளங்குதோ?"

"சேர், இந்த சிஸ்டமே நேற்றுத்தான் பிறந்தது. ஃபைல் அதைவிட வயசுல மூத்ததா இருக்கும்."

"அதைப் பிடிக்கிற அளவுக்குக் கொழும்பிலை ஆக்கள் இருந்திருந்தால், எங்கட கட்டுத் துலைஞ்சிராது."

முப்பத்திரண்டு வருடத்தில் நான் பார்த்த ஒரே அதிசயம் அது. சிவபாதம் சேர் பொய் சொன்னார், விதிக்குப் பொருந்துகிற மாதிரி. அவருக்குக் கைகூப்பலாம் போலிருந்தது. திகதியை மாற்றினேன், கோப்புகளைத் திரும்பப் பதிந்தேன், பட்டியலை அடித்தேன். சேர் அடிமட்டத்தை வைத்து எண்ணினார்.

"பத்துத்தானே கிடக்கு?"

"ஒண்டு திறக்கேல்ல சேர். டிஸ்க் அதுக்குள்ள செத்திருச்சு. எங்கட பிழையால போச்சுன்னு ஒரு கடிதம் சேர்த்து அனுப்பினா, கொழும்புல மேல்முறையீட்டுக்கு எடுப்பாங்க."

"என்னெண்டு எழுதுவீர்? திங்கட்கிழமை பிரதி எடுத்தம், பத்து நல்லாக் கிடக்கு, ஒண்டு பழுதெண்டோ? டிஸ்க்கைக் கொண்டு வா, பாப்பம் எண்டு கேட்டால் எதைக் காட்டுறது? ஆணி அடிச்சதைக் காட்டுவீரோ, உம்மட தயிர்ச்சட்டி டிஸ்க்கைக் காட்டுவீரோ?"

என்னிடம் ஒரு பதில் இருந்தது. 'நான் செய்தேன், என் கையெழுத்தில் எழுதித் தருகிறேன்' என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல வாய் திறந்தேன் என்றுகூட இங்கே எழுதிக்கொள்ளலாம், யாருக்குத் தெரியப் போகிறது? திறக்கவில்லை. ஒன்றரை வருடம்தான் என் மனதில் ஓடியது.

"அப்ப ஒண்டுதான் பொருந்தும்" என்றார் சேர். என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். "அந்தப் பிள்ளையின்ரை விண்ணப்பம் எங்களுக்கு வரேல்லை."

வெள்ளிக்கிழமை காலை, பத்துப் பெயரும் ஒரு பென் டிரைவும் பியோனோடு முதல் ரயிலில் கொழும்புக்குப் போயின. புதிதாக ஓ.எஸ். போட்ட அந்தப் பெட்டியில் நான் தட்டச்சு செய்த முதல் கடிதம் தனலெட்சுமிக்குத்தான். 'தங்களது விண்ணப்பம் எமது அலுவலகத்திற்குக் கிடைக்கப்பெறவில்லை என்பதை வருத்தத்துடன் அறியத்தருகிறேன்.' நல்ல வேகமாக இருந்தது மெஷின். புதிய எழுத்துருவில் கடிதம் மிக அழகாக வந்தது.

பத்துப் பேருக்கும் நியமனம் கிடைத்தது. ராஜேஸ்வரி லட்டுப் பெட்டியோடு வந்து, "ஒங்களாலதான் சேர்" என்றார். வாங்கிக்கொண்டேன். தனலெட்சுமி டீச்சர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "அவங்க தொண்டராத்தான் இருக்காங்க. இப்ப வயசும் தாண்டிருச்சு. தபால்ல போட்டா எப்புடி, நேர்ல போய் நில்லுங்கன்னு நான் எத்தன தடவ சொன்னேன். கேக்கல" என்றார்.

தனலெட்சுமியிடமிருந்து பதில் ஒன்று வந்தது. படிப்பிக்கிறவர்களின் உருண்டைக் கையெழுத்து. பதிவுத் தபாலோடு அனுப்பி, நாங்கள் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வைத்துத் திருப்பி அனுப்பிய அட்டையின் போட்டோ பிரதியை இணைத்திருந்தார். கீழே இப்படி எழுதியிருந்தார்: 'இதில் கையொப்பமிட்டவர் இப்போது வேறு இடத்திற்கு மாற்றலாகிப் போயிருப்பார் என்று நினைக்கிறேன். அதனால்தான் தங்களுக்குத் தெரியாமல் போயிருக்கும். தங்களுக்குக் கொடுத்த சிரமத்திற்கு மன்னிக்கவும்.'

அட்டையில் இருந்தது என் கையெழுத்து. நான் கடிதத்தின் மேல் மூலையில் 'கோப்பிடுக' என்று எழுதி, கீழே அதே கையெழுத்தை வைத்தேன்.